ஓய்வுநேர வேதசாஸ்திரம்

பகலெல்லாம் துறைமுகத்துக் கிடங்கிலோ, உப்பளத்து அலுவலகத்திலோ, அரசாங்கப் பள்ளிக்கூடத்திலோ உழைத்துக் களைத்த ஒருவர், மாலை ஆறு மணிக்கு மேல் முகத்தைக் கழுவிக்கொண்டு, திருச்சபை நடத்தும் ஒரு கல்லூரியின் வகுப்பறையில் போய் அமர்ந்து, ஏசாயா தீர்க்கதரிசியின் காலத்து அசீரிய அரசியலைப் பற்றிக் குறிப்பெடுப்பாரானால், அவரைக் குறித்து நம் ஊர்ப் பெரியவர்களிடையே இரண்டு விதமான அபிப்பிராயங்கள் நிலவுவதைக் காணலாம். பக்திமான் என்று மெச்சுவோர் ஒரு சாரார். குருப்பட்டம் கிட்டாத குறையை இப்படித் தீர்த்துக்கொள்கிறார் என்று புன்னகை செய்வோர் மற்றொரு சாரார். ஆயினும் குருமடத்தில் உறைந்து முழுநேரமும் கற்பதே வேதசாஸ்திரம், ஏனையது அதன் சுருக்கப் பதிப்பு என்பதில் இவ்விரு சாராருக்கும் வேற்றுமை இல்லை. தூத்துக்குடிக் கரையின் சரித்திரத்தைச் சிறிதேனும் அறிந்த ஒருவர் இந்த முடிவை ஒப்புக்கொள்ள இயலாது என்பது என் கருத்து.

கிறிஸ்தவரல்லாத வாசகர்களின் பொருட்டு இப்படிப்பின் அமைப்பைச் சிறிது சொல்லவேண்டும். இந்நாட்டுப் புராட்டஸ்டண்டு திருச்சபைகளின் வேதசாஸ்திரக் கல்லூரிகளில் பல, வங்காளத்துச் செராம்பூர்க் கல்லூரியின் செனட் சபையோடு இணைந்தவை. கேரி, மார்ஷ்மன், வார்டு என்னும் மூவர் 1818-இல் தோற்றுவித்த அக்கல்லூரிக்கு, அவ்வூர் அந்நாளில் டேனிஷ்காரர் வசம் இருந்தமையால், டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடரிக் 1827-இல் பட்டமளிக்கும் உரிமைச் சாசனத்தை வழங்கினார். 1918-இல் வங்காளத்தில் இயற்றப்பட்ட சட்டம் அந்த உரிமையை இன்றைய செனட் அமைப்பின் கையில் சேர்த்தது. குருத்துவத்தை நாடுவோர் கல்லூரியில் தங்கிப் படித்துப் பட்டம் பெறுவது போலவே, தத்தம் தொழிலை விடாமல் படிக்க விரும்பும் விசுவாசிகளும் 'செப்டர்' என்னும் விரிவாக்க நிலையத்தின் வாயிலாகக் கிறிஸ்தவ ஆய்வுப் பட்டயமும் பட்டமும் பெறலாம். பெங்களூரில் 1971-இல் தோன்றிய 'டாஃப்டி' என்னும் சங்கமும் இதே நோக்கம் உடையது. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் வெளிமாணவர்க்கென்று பாடங்கள் வகுத்திருக்கிறது. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபைச் சரித்திரம், கோட்பாடு, ஒழுக்கவியல், பிற சமயங்கள் என்று பாடங்கள் விரியும். ஆண்டவரின் பேரால் பரவசமடைவதற்கு இங்கே மதிப்பெண் கிடையாது என்பதைச் சில புதுமாணவர்கள் முதல் தேர்வுக்குப் பின்னரே அறிகின்றனர்.

பாடப்புத்தகமும் கட்டடமும் வருமுன்னரே இவ்வகைக் கல்வி இக்கரைக்கு வந்துவிட்டது. 1530-களில் முத்துக்குளித்துறையின் பரதவர் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றனர். ஆயினும் அவர்களுடைய பாஷையை அறிந்த போதகர் இல்லாமையால், பெயரளவில் கிறிஸ்தவராயினும் எதை நம்புகிறோம் என்பதை அறியாதவராகவே சில ஆண்டுகள் இருந்தனர். 1542-இல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், பாரிஸ் சர்வகலாசாலையில் பட்டம் பெற்று அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். அத்தகைய பண்டிதர், மாணவரைத் தம்மிடம் வரவழைக்கும் ஒரு கல்லூரியை இங்கே நாட்டவில்லை. தமிழ் அறிந்தாரைக் கொண்டு விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் செபங்களையும் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் ஊர் ஊராக நடந்தார். 1544 ஜனவரி 15-ஆம் தேதி கொச்சியிலிருந்து ரோமாபுரித் தோழர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில் தம் முறையை விவரித்திருக்கிறார். ஒவ்வோர் ஊரிலும் செபங்களின் பிரதி ஒன்றை விட்டுவருவதாகவும், எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்தெழுதி வீட்டில் நாள்தோறும் ஓதவேண்டும் என்று கட்டளையிட்டதாகவும், ஞாயிறுதோறும் எல்லாரும் ஓரிடத்தில் கூடி ஒப்பிக்க ஏற்பாடு செய்ததாகவும், அதைக் கவனிக்க ஊருக்கு ஒருவரை நியமித்ததாகவும் அதில் கூறுகிறார். வார நாளில் வீட்டுப்பாடம், வார இறுதியில் நேர்முக வகுப்பு, உள்ளூரில் ஒரு கண்காணிப்பாளர் என்று இன்றைய விரிவாக்கக் கல்விக்காரர்கள் தங்கள் விளக்கக் குறிப்பில் அச்சிடும் திட்டம் இதைவிடப் பெரிதாக வேறுபட்டதன்று.

அதே கடிதத்தில் அவர் மனம் பொங்கிச் சொல்லும் ஒன்றையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஐரோப்பாவின் சர்வகலாசாலைகளுக்கு, சிறப்பாகப் பாரிசுக்கு, பித்துப் பிடித்தவனைப் போல் ஓடிச்சென்று, கற்ற கல்வியைப் பயன்படுத்த மனமில்லாத பண்டிதரை நோக்கிக் கூவவேண்டும் என்று பலமுறை தமக்குத் தோன்றியதாக எழுதுகிறார். கல்வியை இகழ்ந்தவர் பேச்சன்று இது. வேண்டிய அளவு கற்றிருந்த ஒருவர், கல்வி எங்கே போய்ச் சேராமல் நின்றுவிட்டது என்பதைக் கண்டு சொன்னது.

சவேரியார் நட்ட விதைக்கு நீர் வார்த்தவர் என்று அன்றிக் அடிகளாரைச் சொல்லவேண்டும். அரை நூற்றாண்டுக்கு மேல் இக்கரையிலேயே வாழ்ந்து, தமிழுக்குப் போர்ச்சுகீசிய மொழியில் இலக்கணம் எழுதி, 1600-இல் புன்னைக்காயலில் மறைந்த அவர், 1578-இல் கொல்லத்தில் அச்சேற்றிய 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே உடைய சிறு நூல். இந்திய மொழி ஒன்றில் இந்நாட்டில் அச்சான முதல் நூல் அதுவே. அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது; 1586-இல் வந்த 'அடியார் வரலாறு' அறுநூறு பக்கங்களுக்கும் மேற்பட்டது. அந்நூலைப் படிப்பதற்கென்று எந்தக் குருமடத்து மாணவரும் அன்று தமிழில் இல்லை. வலை இழுத்தவரும், சங்கு குளித்தவரும், அவர்களுக்கு வாசித்துக்காட்டிய கணக்கப்பிள்ளைமாருமே அதன் வாசகர். தமிழ் அச்சுக்கலையின் தொடக்கமே தொழில் செய்து பிழைப்போரின் மறையறிவுக்காக ஏற்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்நூல்களைப் பற்றிய அறிவை இருபதாம் நூற்றாண்டில் உலகுக்கு மீட்டுத் தந்தவர்களுள் முதன்மையானவரான தனிநாயகம் அடிகளும் இத்தூத்துக்குடி மறைமாவட்டத்துக் குருவே என்பது பலர் மறந்துவிட்ட செய்தி. யாழ்ப்பாணத் தீவொன்றில் பிறந்து, ரோமாபுரியில் 1938-இல் குருப்பட்டம் பெற்று வந்த அவர், வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியப்பணி புரிந்துகொண்டே குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் தமிழ் இலக்கியத்தை முறையாகப் பாடம் கேட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றது அதற்குப் பிறகுதான். 1948-இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தோற்றுவித்த அப்பெரியாரின் புலமைக்கு அடித்தளம், வேலை நேரம் போக எஞ்சிய மாலைகளில் இடப்பட்டது.

புராட்டஸ்டண்டு பக்கத்துச் செய்தி வேறு வகையானது. அங்கே கல்லூரிகள் உண்டாயின, ஆனால் அவை நிலைபெயர்ந்துகொண்டே இருந்தன. ஜி. யு. போப் 1840-களில் சாயர்புரத்தில் வளர்த்த செமினரியிலிருந்து எழுந்த கல்லூரியைக் கால்டுவெல் 1883-இல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார். அது நெடுங்காலம் நீடிக்கவில்லை. நாசரேத்துக்கு அருகே திருமறையூரில் இருந்த வேதசாஸ்திரக் கல்லூரியில், பின்னாளில் திருநெல்வேலிப் பேராயரான ஸ்டீபன் நீல் 1930-களில் தமிழிலேயே பாடம் நடத்தினார். 1969-இல் அக்கல்லூரி தரங்கம்பாடி லுத்தரன் கல்லூரியோடு இணைந்து மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியாயிற்று. அந்த இணைப்பால் தமிழ்நாட்டுக்கு விளைந்த நன்மை பெரிது. தமிழைப் போதனாமொழியாகக் கொண்டு, மாணவரை ஏழைகள் குடியிருப்பில் சென்று வாழச் செய்து, பரட்டை என்று அன்போடு அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையில் வழிபாடு அமைத்த கல்லூரி அது. ஆனால் நாசரேத்துப் பனங்காட்டிலிருந்து நடந்தே போய்ச் சேரக்கூடியதாயிருந்த வேதசாஸ்திரம், அன்றுமுதல் தூத்துக்குடிக்காரனுக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ளதாகிவிட்டது.

மாணவனை ஆசிரியரிடம் கொண்டுவருவதா, ஆசிரியரை மாணவனிடம் கொண்டுபோவதா என்னும் இக்கேள்விக்கு, குவாத்தமாலா நாட்டுப் பிரஸ்பிட்டேரியன் குருமடத்தார் 1963-இல் ஒரு விடை கண்டனர். கிராமச் சபைகளை உண்மையில் நடத்தி வந்த மூத்தவர்கள் குடும்பத்தையும் நிலத்தையும் விட்டுக் குருமடத்துக்கு வர இயலாதவராயிருக்க, அங்கு வந்து படித்த இளைஞர் பலர் கிராமத்துக்குத் திரும்பாதவராயிருக்கக் கண்டு, ஆசிரியர்களே வாரந்தோறும் பிரதேச நிலையங்களுக்குப் பிரயாணம் செய்யும் ஏற்பாட்டைச் செய்தனர். அங்கிருந்தே இக்கல்விமுறை உலகெங்கும் பரவியது என்பர். அதற்கும் முன்னோடி ஒன்று அப்போஸ்தலர் நடபடிகளிலேயே உண்டு. கூடாரம் பண்ணிப் பிழைத்த பவுல், எபேசு பட்டணத்தில் திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் போதித்தார். சில பழைய பிரதிகளில் அது ஐந்தாம் மணி முதல் பத்தாம் மணி வரை, அதாவது ஊரார் வேலையை நிறுத்தி வெயிலுக்கு ஒதுங்கும் வேளையில், நடந்ததாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. வேதாகமங்களில் வல்லவனான அப்பொல்லோவைத் தம் வீட்டுக்கு அழைத்துத் திருத்தமாய்ப் போதித்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் அதே கூடாரத் தொழில் செய்த தம்பதியரே.

குருமடத்தில் தங்கிப் படிப்பதன் சிறப்பை நான் மறுப்பதாக எண்ணலாகாது. அதிகாலை ஜெபமும், நூலகத்தின் நிசப்தமும், கிரேக்க எபிரேய மொழிகளை ஊன்றிக் கற்கும் அவகாசமும், கூடப் படிப்போரோடு நள்ளிரவு வரை வாதாடும் சுகமும் மாலை வகுப்புக்காரருக்குக் கிட்டுவதில்லை; மூலபாஷைகளில் அவர் என்றும் சற்றுப் பின்தங்கியே இருப்பார். ஆனால் தங்கிப் படிப்பவர் நூலில் மட்டுமே சந்திக்கும் சில கேள்விகளை மற்றவர் அன்று பகலிலேயே சந்தித்துவிட்டு வகுப்புக்கு வருகிறார். உப்பளத்தில் கூலிக்கணக்கு எழுதுகிற ஒருவர் ஆமோஸ் தீர்க்கதரிசியைப் படிக்கும்போது, கள்ளத்தராசைப் பற்றிய வசனத்தை அவருக்கு வியாக்கியானம் செய்துகாட்ட எந்த ஆசிரியரும் தேவையில்லை. அரசாங்க அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதலைப் பற்றிப் பவுல் ரோமருக்கு எழுதிய பதின்மூன்றாம் அதிகாரத்தை, 2018 மே மாதத்துப் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் மாண்ட இந்த ஊரில் வைத்துப் படிப்பதும், வேறோர் ஊரின் மரநிழலில் வைத்துப் படிப்பதும் ஒன்றாகுமா? இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனையில் துணிவான முயற்சிகள் சில, தொழில்முறைப் போதகரல்லாதாரிடமிருந்தே வந்தன என்பதையும் நோக்கவேண்டும். சக்கரை வக்கீலாகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் சென்னை மேயராகவும் இருந்தவர். செஞ்சையா புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாயிருந்தவர். 1938-இல் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனரி மாநாட்டை முன்னிட்டு, இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்யவேண்டும் என்று நூல் வெளியிட்ட குழுவில் இவ்விருவரும் முன்னின்றனர். நம் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியாவும், பி.ஏ. பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு, வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் காரியதரிசியாக ஊர் ஊராகச் சுற்றியவரே.

இவையெல்லாம் பெரியோர் கதை. சாதாரண நிலைமை இன்னும் நேரடியானது. தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு சேகரத்துக்குக் குருவானவர் ஒருவர். அவர் பொறுப்பில் பல ஆலயங்கள். ஆகவே கிராமத்து ஆலயங்களில் ஞாயிறு ஆராதனையை நடத்துவோரும், பிரசங்கம் செய்வோரும் பெரும்பாலும் உபதேசியாரோ, பள்ளி ஆசிரியரோ, ஓய்வுபெற்ற குமாஸ்தாவோதான். நாம் கேட்கும் பிரசங்கங்களில் கணிசமானவற்றைச் செய்வோர் கல்லாதிருக்கலாம், அரிதாகப் பிரசங்கிக்க வருபவர் மட்டும் கற்றிருந்தால் போதும் என்பது விசித்திரமான நியாயம். பெண்களின் நிலை இதனினும் தெளிவு: தென்னிந்தியத் திருச்சபை 1976-இல் முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் அளித்தது, ஆயினும் வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு நான்கு ஆண்டு மதுரையில் தங்கக்கூடிய பெண்கள் எத்தனை பேர்? அவர்களுக்குப் பகுதிநேர வகுப்பு ஒன்றே திறந்த வாசல்.

இனி, இப்படிப்பை நடத்துவோரிடம் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். முதலாவது குறை, பட்டமோகம். எவ்வித அங்கீகாரமும் இல்லாத இடங்களில் சில மாதத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, கன்வென்ஷன் சுவரொட்டிகளில் பெயருக்கு முன்னே பெரிய எழுத்தில் போட்டுக்கொள்வோரால், நேர்மையாக ஐந்தாறு ஆண்டு உழைத்து ஒரு பட்டயம் பெறும் ஏழை ஆசிரியரும் பரிகாசத்துக்கு ஆளாகிறார். பகுதிநேரப் படிப்பு என்பதற்காகத் தேர்வில் இரக்கம் காட்டலாகாது. காலத்தை நீட்டிக் கொடுக்கலாம், தரத்தைத் தாழ்த்தலாகாது. மாணவர்க்கு நல்ல நூல்கள் தமிழில் எட்டவேண்டும். ஆங்கிலக் குறிப்புகளை அவசரமாக மொழிபெயர்த்துச் சைக்ளோஸ்டைல் செய்த காலம் மலையேறிவிட்டாலும், அக்குறிப்புகளின் நடை மலையேறவில்லை. இன்னொன்று சிறு விஷயம்: வேதபடிப்பை முத்துக்குளித்தலுக்கு ஒப்பிடாத ஆசிரியர் இக்கரையில் அரியர். அரசாங்க முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. உவமைக்கும் ஓய்வு கொடுத்தால் நன்று.

இவற்றைவிடப் பெரிய குறை காலண்டரைப் பற்றியது. ஜூன் மாதத்தில் வகுப்பைத் தொடங்கி ஏப்ரலில் தேர்வு வைக்கும் வழக்கம், பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஏற்பட்டது. அதனால் மாணவர் வருகைப் பதிவேட்டில் ஆசிரியரும் குமாஸ்தாவும் தாதியும் நிறைந்திருக்க, கடல்மேல் போகிறவரும் உப்பு வாருகிறவரும் பெரும்பாலும் காணப்படுவதில்லை. இவ்விருவருக்கும் ஓய்வுக்காலம் இல்லாமலில்லை. அது கல்லூரியின் காலண்டரோடு பொருந்தவில்லை, அவ்வளவே. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகு மராமத்தும் வலைவேலையும் வருமானக் குறைவும் அந்நாட்களில் உண்டு என்பது மெய். ஆயினும் ஆண்டிலேயே அவர்கள் இரவெல்லாம் கரையில் வீட்டில் இருக்கும் காலம் அதுதான். கல்லூரிகளோ சரியாக அப்போதுதான் கோடை விடுமுறையென்று கதவைச் சாத்துகின்றன. உப்பளத்தாருக்கு வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களே வேலையற்ற காலம். பாத்திகளில் மழைநீர் நின்றுவிட்டால் தை பிறந்த பிறகே மீண்டும் வேலை. துறைமுகத்திலும் அனல்மின் நிலையத்திலும் முறைமாறி வேலை செய்வோருக்குச் சனிக்கிழமை மாலை என்று ஒரே நேரத்தை நிரந்தரமாக வைப்பது பயன்படாது. ஒரே பாடத்தை வாரத்தில் இருமுறை, வெவ்வேறு வேளையில் நடத்தவேண்டியிருக்கும். கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்ற கட்டுப்பாடு இன்னும் நிற்கிறது. அன்று பிற்பகல் முழுவதும் ஆலயத்து மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன.

தடைக்காலத்தில் 61 நாளுக்கு ஒரு பருவம், மழைக்காலத்தில் ஒரு பருவம் என்று இரண்டாகப் பிரித்து, புன்னைக்காயலிலோ மணப்பாட்டிலோ முத்தையாபுரத்திலோ வகுப்பு வைத்து, மதுரையிலிருந்து ஆசிரியரை வரவழைத்தால், ஒருவர் ஐந்தாண்டில் ஒரு பட்டயத்துக்குரிய பாடங்களை ஒழுங்காக முடிக்க முடியும். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டாரும் இதில் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்க இடமுள்ளது. பழைய ஏற்பாட்டின் சரித்திரமும் ஊர்ச் சரித்திரமும் இருவருக்கும் பொது. கோட்பாட்டு வகுப்பு வரும்போது தனித்தனி அறைக்குப் போய்க்கொள்ளட்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். இதே கேள்வி சவேரியாருக்கும் எழுந்தது. ஊர்தோறும் நியமித்த கணக்கப்பிள்ளைமாருக்குச் சம்பளம் கொடுக்க, முத்துக்குளித்துறை வருமானத்திலிருந்து போர்ச்சுக்கல் ராணியின் பாதரட்சைச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த ஆண்டுக்கு 4,000 பணத்தை அவர் கேட்டு வாங்கினார் என்று அவருடைய சரித்திரக்காரர் எழுதுகின்றனர். இன்று நம்மிடையே ராணி இல்லை. ஆனால் திருச்சபைகளின் நிர்வாகத் தேர்தல்களுக்கும், அத்தேர்தல்களைப் பற்றிய வழக்குகளுக்கும், ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின் வாணவேடிக்கைக்கும் ஆகும் செலவை அறியாதார் இல்லை. அதில் எந்தப் பகுதியை முதலில் எடுப்பது என்பதைத் திருமண்டல நிதிக்குழுவும் மறைமாவட்ட நிதிக்குழுவும் தத்தம் வரவுசெலவுத் திட்டத்தை வகுக்கும்போது, தடைக்காலத்துக்கு முந்திய மாசி மாதத்துக்குள், தீர்மானித்துவிட்டால், வரும் ஏப்ரலிலேயே முதல் வகுப்பை நடத்தலாம்.